தலைமுறை தாண்டும் தாளம்: கியூபாவின் கொட்டுக் குடும்பங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியூபாவின் ரும்பா இசையைக் கொஞ்ச நாள் தொடர்ந்து கேட்டால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஆல்பத்தின் பின்னட்டையில் கலைஞர்களின் பெயர்களைப் படித்தால் ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வரும். அப்பா பாடுகிறார், மகன் ஆடுகிறார், இன்னொரு மகன் கொட்டு வாசிக்கிறார், மகளும் மேடையில் இருக்கிறார், பேரனும் வந்து சேர்ந்துவிடுகிறான். இது எப்படி நடக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

முதலில் ஒரு குடும்பத்தைக் காட்டுங்கள். யாரிலிருந்து தொடங்கலாம்?

லோஸ் முன்யெகிதோஸ் தெ மத்தான்சாஸ் குழுவிலிருந்து தொடங்குங்கள். வேறு யாரிலிருந்து தொடங்கினாலும் கடைசியில் இவர்களிடம்தான் வந்து நிற்பீர்கள்.

ஹவானாவுக்குக் கிழக்கே, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில், ஒரு வளைகுடாவை ஒட்டி இருக்கும் துறைமுக நகரம் மத்தான்சாஸ். ஒரு காலத்தில் கியூபாவின் சர்க்கரை அங்கிருந்துதான் மலைமலையாகக் கப்பல் ஏறியது. கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்க ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்களும் அங்கேதான் பெருமளவில் இருந்தார்கள். அந்த ஊரின் லா மரீனா பகுதியில், 1952 அக்டோபரில், உழைத்துப் பிழைக்கும் சில இளைஞர்கள் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியில், கியூபாவின் புகழ்பெற்ற இசைக்கலைஞர் அர்செனியோ ரோத்ரிகேஸின் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக் கூடவே தட்ட ஆரம்பித்தார்கள். ஒருவருக்குப் பாட்டில், ஒருவருக்குக் கண்ணாடித் தம்ளர், ஒருவருக்கு மேசைப் பலகை. கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். குழு பிறந்த கதையாக அந்த ஊரில் சொல்லப்படுவது இதுதான். ஃப்ளோரென்சியோ கால்யே என்பவர் தலைமை ஏற்றார். குவாகுவாங்கோ மத்தான்செரோ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள், ‘மத்தான்சாஸின் குவாகுவாங்கோ’ என்று பொருள். குவாகுவாங்கோ ரும்பாவில் ஒரு வகை.

1960களின் பிற்பகுதியில் தியோஸ்தாதோ ராமோஸ் என்ற இளம் ஆட்டக்காரர் குழுவில் சேர்ந்தார். பிறகு பல பத்தாண்டுகள் அவர்தான் தலைவர். அவருடைய மகன் பார்பாரோ, எல்லோருக்கும் ‘பார்பரீதோ’, சின்னப் பையனாக மேடையேறி, பின்னாளில் கியூபாவின் தலைசிறந்த ரும்பா ஆட்டக்காரர்களில் ஒருவராக வளர்ந்தார். இன்னொரு மகன் ‘ஃபிகுரீன்’ ராமோஸ் வாசிப்பார், ஆடவும் செய்வார். மகள் விவியானும் குழுவில் இருந்தார். பேரன் லூயிஸ் தேவிஸும் அதே மேடைக்கு வந்தார்.

அதே குழுவுக்குள் இன்னொரு சங்கிலியும் உண்டு. ஹெசூஸ் அல்ஃபோன்சோ என்பவர்தான் பல காலம் குழுவின் உச்சக் கொட்டான கின்தோவை வாசித்தார், இசை இயக்குநராகவும் இருந்தார். 2009இல் அவர் காலமானார். அந்தக் கின்தோ அவருடைய மகன் ஃப்ரெடியின் கைக்குப் போனது. அப்பாவின் பதிவையும் மகனின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே வீட்டுப் பேச்சு என்று தெரிந்துவிடும். ஆனால் மகன் பேசும் வேகம் வேறு, வாக்கியம் வேறு.

‘முன்யெகிதோஸ்’ என்ற பெயர் எப்படி வந்தது?

1953இல் அவர்கள் பதிவு செய்த முதல் பாடல்களில் ஒன்று, செய்தித்தாளில் வரும் சித்திரக்கதைப் பாத்திரங்களைப் பற்றியது. அந்தப் பாத்திரங்களை அங்கே முன்யெகிதோஸ் என்பார்கள். பாட்டு பிரபலமாகிவிட்டது. ஜனங்கள் “அந்த முன்யெகிதோஸ் பசங்க” என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். வைத்த பெயர் போய், கூப்பிட்ட பெயர் நின்றுவிட்டது.

இந்தத் திறமை ரத்தத்தில் வருகிறதா?

கியூபாவிலும் இப்படித்தான் சொல்வார்கள், “அவனுக்கு ரத்தத்திலேயே இருக்கு” என்று. அன்பாகச் சொல்வதுதான். ஆனால் எனக்கு இந்த விளக்கம் பிடிப்பதில்லை. அப்படிச் சொன்னவுடன், அந்தக் குழந்தை பத்துப் பதினைந்து வருடம் பட்ட பாடு கணக்கிலிருந்து போய்விடுகிறது. கறுப்பின மக்களின் கலை என்று வந்தால் மட்டும் உழைப்பை விட்டுவிட்டு ரத்தத்தைப் பேசுவது பழைய வழக்கம். ஒரு பியானோ கலைஞரைப் பற்றிப் பேசும்போது எந்த ஆசிரியரிடம் படித்தார், தினம் எத்தனை மணி நேரம் சாதகம் செய்தார் என்று விசாரிக்கிறோம். கொட்டு வாசிப்பவரிடமும் அதே கேள்வியைக் கேட்பதுதான் நியாயம்.

கேட்டால் பதில் கிடைக்கும். மத்தான்சாஸிலும் ஹவானாவிலும் பழைய ஏழைக் குடியிருப்புகள் ‘சோலார்’ என்று சொல்லப்படும். நடுவில் ஒரு பொது முற்றம், அதைச் சுற்றி ஒற்றை அறை வீடுகள். துணி துவைப்பது, சமைப்பது, சண்டை, சமாதானம் எல்லாம் அந்த முற்றத்தில்தான். பிறந்தநாள் என்றால் ரும்பா, ஞானஸ்நானம் என்றால் ரும்பா, யாராவது ஊரிலிருந்து வந்தாலும் ரும்பா. அங்கே பிறக்கும் குழந்தை பேச்சுக் கற்பதற்கு முன்பே ஆயிரம் முறை அந்தத் தாளத்தைக் கேட்டுவிடும். எது சரியான இடம், எது தவறிய இடம் என்பது காதுக்குப் பழகிவிடும். கைக்குப் பயிற்சி அப்புறம்தான். வெளியிலிருந்து வந்து கற்பவர்களுக்குக் கை சீக்கிரம் வந்துவிடும், காது வருவதற்குத்தான் வருடங்கள் ஆகும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு வரிசை தலைகீழ். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு ரும்பாக் குழுவில் யார் யார் என்ன வாசிப்பார்கள்?

மூன்று கொங்காக் கொட்டுகள் இருக்கும். கொங்கா என்பது கையால் தட்டும் உயரமான, பீப்பாய் வடிவக் கொட்டு. அடித்தொனி கொடுப்பது தும்பா, இதற்குச் சலிதோர் என்றும் பெயர். நடுவில் த்ரெஸ் தோஸ். மேல்தொனியில் கின்தோ. முதல் இரண்டும் சேர்ந்து ஒரு நடையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கின்தோ மட்டும் ஆடுபவரின் காலைப் பார்த்து, பாடுபவரின் மூச்சைப் பார்த்து, பேசிக்கொண்டே போகும். இவை தவிர, க்ளாவே என்ற இரண்டு உருளைக் கட்டைகள், ஒரு மூங்கில் துண்டின்மேல் இரண்டு குச்சிகளால் தட்டும் கத்தா, மணி கோத்த வலை போட்ட சுரைக்குடுக்கையான செக்கெரே.

ரும்பாவிலேயே மூன்று வகை உண்டு. யம்பு மெதுவானது, வயதானவர்கள் ஆடுவதுபோல நிதானமாக ஆடுவார்கள். குவாகுவாங்கோவில் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் சீண்டி ஆடுவார்கள். கொலும்பியா மத்தான்சாஸ் கிராமப்புறத்தில் வளர்ந்தது. ஒற்றை ஆட்டக்காரர் கின்தோவுக்குச் சவால் விட்டு ஆடுவார், பெரும்பாலும் ஆண்கள்.

அந்தத் தாளத்தை நான் வீட்டிலேயே தட்டிப் பார்க்க முடியுமா?

தாராளமாக. அந்தக் குழந்தைகள் முதலில் கற்பதும் இதைத்தான், அதாவது க்ளாவே. ஒன்றிலிருந்து பதினாறு வரை சீராக எண்ணுங்கள். 1, 4, 8, 11, 13 ஆகிய எண்களில் மட்டும் கைதட்டுங்கள். பதினாறு முடிந்ததும் நிற்காமல் மறுபடி ஒன்றுக்கு வாருங்கள். இதுதான் ரும்பா க்ளாவே.

இப்போது 8க்குப் பதிலாக 7இல் தட்டிப் பாருங்கள். அது சோன் என்ற இசைவகையின் க்ளாவே. ஒரே ஒரு தட்டு ஒரே ஒரு எண் தள்ளிப்போகிறது, ஆனால் மொத்த நடையும் வேறு ஆளாகிவிடுகிறது. 8இல் தட்டும்போது ஒரு சின்னத் தயக்கம் உண்டாகும், உடம்பு அதை ஈடுகட்ட முன்னே சாயும். ரும்பாவின் உயிர் அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

எண்ணித் தட்டுவது எளிது. எண்ணாமல், பேசிக்கொண்டே, பக்கத்தில் மூன்று கொட்டுகள் முழங்கும்போது, அரை மணி நேரம் இதைப் பிசகாமல் தட்டுவதுதான் கடினம். க்ளாவே பிசகினால் மற்ற எல்லாமே பிசகிவிடும்.

குழந்தை எந்த வயதில் கொட்டைத் தொடும்?

குறிப்பிட்ட வயது என்று ஒன்றும் கிடையாது. க்ளாவேக் கட்டை எட்டினால் கட்டை, தட்டி வாசிக்கும் மரப்பெட்டி எட்டினால் பெட்டி. அதற்கு முன் ஆட்டம் வந்துவிடும். பார்பரீதோ போன்ற பலர் ஆட்டக்காரராகத் தொடங்கியவர்கள்தான். ஆட்டமும் கொட்டும் அங்கே தனித்தனிப் பாடமில்லை. ஆடிப் பழகிய பிள்ளைக்கு, கின்தோ எந்த இடத்தில் தன் காலோடு விழ வேண்டும் என்பது உள்ளங்காலிலேயே தெரியும். பிறகு கொட்டின் முன்னால் உட்காரும்போது அதே அறிவு கைக்கு இறங்கும்.

உட்கார வைக்கும் முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். முற்றத்தில் ரும்பா நடக்கிறது. தும்பா வாசிப்பவருக்குக் கை களைத்துவிட்டது. பக்கத்தில் நின்று வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பையனுக்குக் கண்ணால் சாடை காட்டுவார். வாசிப்பு நிற்காது. இவர் ஒரு கையை எடுக்க அவன் ஒரு கையை வைப்பான், இவர் மறு கையை எடுக்க அவன் மறு கையை வைப்பான். இவர் எழுந்து நழுவ, அவன் இருக்கையில் அமர்வான். ஒரு தட்டுகூட விடுபடக்கூடாது. அதன் பிறகு அவனுக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நடை தவறினால், பக்கத்துக் கொட்டுக்காரர் தன் நடையை இன்னும் அழுத்தமாகத் தட்டி நிறுத்திக் காட்டுவார். அதற்கும் சரியாகவில்லை என்றால் எழுப்பிவிடுவார்கள். அவ்வளவுதான் பாடம்.

இப்படி வருடக்கணக்கில் தும்பா, அப்புறம் த்ரெஸ் தோஸ். ஒரே நடையை, ஒரு அலங்காரமும் இல்லாமல், பாட்டு முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சிறுவனுக்கு இது எரிச்சலான வேலை. அவன் கண்ணெல்லாம் கின்தோமேல் இருக்கும். ஆனால் கின்தோ கேட்டு வாங்கும் பொருளில்லை. மற்ற இரண்டையும் பிடித்து நிற்கத் தெரிந்தவனுக்குத்தான், அவற்றுக்கு மேலே எங்கே பேசலாம், எங்கே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று புரியும். நல்ல கின்தோக்காரர் பாடகர் வாய் திறக்கும்போது ஒதுங்கிவிடுவார். கைவேகம் மட்டும் இருப்பவர் ஒதுங்க மாட்டார். அந்த ஒதுங்குதலைக் கேட்டே ஒருவர் வீட்டில் கற்றவரா என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இசைப்பள்ளிகள் இல்லையா? ஏன் எல்லாம் குடும்பத்துக்குள்ளேயே நடக்கிறது?

பள்ளிகள் இருக்கின்றன, தரமானவை. ஆனால் இந்த இசை பள்ளிக்குள் நுழைந்தது வெகு தாமதமாகத்தான். காரணம் வரலாற்றில் இருக்கிறது.

கியூபாவில் அடிமைமுறை 1886இல்தான் முழுமையாக ஒழிந்தது. 1860கள் வரைகூட ஆப்பிரிக்காவிலிருந்து மக்கள் திருட்டுத்தனமாகக் கொண்டுவரப்பட்டார்கள். ஆப்பிரிக்காவிலேயே பிறந்த முதியவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மத்தான்சாஸில் உயிரோடு இருந்தார்கள். முன்யெகிதோஸைத் தொடங்கியவர்களுக்கு அவர்கள் தாத்தா பாட்டி தலைமுறை, அதிகம் போனால் அதற்கு ஒரு தலைமுறை முன்பு.

அடிமைக் காலத்தில் ஒவ்வொரு இனத்தாரும் ‘கபில்தோ’ என்ற சங்கம் வைத்துக்கொள்ள ஸ்பானிய அரசு இடம் கொடுத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களின் வழியினருக்கு ஒன்று, அங்கேயே இருந்த தாகோமே அரசின் வழியினரான அராராக்களுக்கு ஒன்று, மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோக்களுக்கு ஒன்று. வெளியே கத்தோலிக்கப் புனிதரின் பெயர் இருக்கும், உள்ளே தங்கள் தெய்வம், தங்கள் மொழி, தங்கள் கொட்டு. அந்தக் கொட்டுகளையும் பாடல்களையும் காப்பது சில குடும்பங்களின் பொறுப்பாக அமைந்தது. தீவின் கிழக்கிலும் இதே கதைதான். ஹெய்தியில் 1791இல் புரட்சி வெடித்தபோது அங்கிருந்து வந்தவர்களின் வழியினர், தும்பா ஃப்ரான்செசா என்ற கொட்டு ஆட்டத்தைச் சந்தியாகோவிலும் குவாந்தானமோவிலும் வீட்டுச் சொத்துபோல இன்றும் வைத்திருக்கிறார்கள்.

ஸ்பானிய ஆட்சி போய்க் குடியரசு வந்த பின்னும் நிலைமை மாறவில்லை. போலீஸ் கொட்டுகளைப் பறிமுதல் செய்தது. திருவிழா ஊர்வலங்களுக்குத் தடை வந்தது. 1920களில் சந்தியாகோவின் மேயராக இருந்த தெசிதேரியோ அர்னாஸ், தன் ஊர்த் திருவிழாவில் கொங்காக் கொட்டுக்குத் தடை போட்டார். அவருடைய மகன் தேசி அர்னாஸ் அமெரிக்காவுக்குப் போய், அதே கொங்காவைத் தோளில் மாட்டிக்கொண்டு தட்டித்தான் உலகப் புகழ் பெற்றார். தலைமுறை விட்டுத் தலைமுறை கைமாறுவதில் இப்படியும் ஒரு குடும்பம்!

கொட்டு இல்லாவிட்டால் பெட்டி. கருவாட்டு மீன் வந்த மரப்பெட்டி, மெழுகுவர்த்தி வந்த மரப்பெட்டி இரண்டையும் தட்டியே ரும்பா வளர்ந்தது. அதுதான் கஹோன். போலீஸ் வந்தால் அது வெறும் பெட்டி. இப்படிப்பட்ட காலத்தில் ஒரு கலையை எந்தப் பள்ளி கற்றுக்கொடுக்கும்? வீடுதான் பள்ளி, அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

1959 புரட்சிக்குப் பின் நிலைமை மாறியது. 1962இல் தேசிய நாட்டார் கலைக்குழு தொடங்கப்பட்டபோது, பாடம் சொல்லித்தர அழைக்கப்பட்டவர்கள் இந்த வீடுகளின் பெரியவர்கள்தான். பட்டம் கிடையாது, பலருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. ஆனால் நூற்றுக்கணக்கான பாடல்களும் அவற்றுக்கான தாளங்களும் அவர்கள் நினைவில் இருந்தன.

பத்தாக் கொட்டு என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. ரும்பா கொண்டாட்ட இசை, பத்தா வழிபாட்டு இசை. ஆனால் வாசிப்பவர்கள் பெரும்பாலும் அதே குடும்பத்தார்தான்.

பத்தா இடை சிறுத்த, இருபுறமும் தோல் போர்த்திய கொட்டு. மடியில் கிடத்தி இரண்டு கையாலும் வாசிப்பார்கள். மூன்று சேர்ந்தது ஒரு தொகுதி. சின்னது ஒகோன்கொலோ, நடுவானது இதோதெலே, பெரியது இயா. இயா என்றால் யொரூபாவில் தாய். தாய் கேட்பாள், இதோதெலே பதில் சொல்லும், ஒகோன்கொலோ விடாமல் காலம் காத்துக்கொண்டிருக்கும். யொரூபாத் தெய்வங்களைக் கத்தோலிக்கப் புனிதர்களோடு இணைத்து வணங்கும் சாந்தேரியா வழிபாட்டில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனித் தாளம். வழி திறக்கும் தெய்வமான எலெக்குவாவில் தொடங்கி ஒழுங்காக ஒவ்வொரு தெய்வத்துக்கும் வாசிக்க வேண்டும். பாட்டே இல்லாமல், பலிபீடத்தின் முன்னால், கொட்டு மட்டும் அந்த வரிசையை வாசிக்கும் பகுதியும் உண்டு.

முறைப்படி செய்த பத்தாவுக்குள் ‘அன்யா’ என்ற தெய்வம் குடியிருப்பதாக நம்பிக்கை. சத்தியப்பிரமாணம் செய்து சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள்தான் அதைத் தொடலாம். இங்கேதான் ‘குடும்பம்’ என்பதன் எல்லை விரிகிறது. உங்களைச் சேர்த்துவிட்டவர் உங்களுக்கு ‘பத்ரினோ’, அதாவது ஞானத்தந்தை. அவரோடு இருக்கும் உறவு பெற்ற தகப்பனோடு இருப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. கியூபாவின் கொட்டு வம்சங்களை ரத்த உறவைக்கொண்டு மட்டும் வரைந்தால் பாதிப் படம்தான் கிடைக்கும் என்று நான் சொல்வது இதனால்தான். மீதிப் பாதி ஞானத்தந்தைகள் வழியாக ஓடுகிறது.

ஹவானாவில் இரண்டும் கலந்த ஒரு தொடர் உண்டு. அந்திரேஸ் ரோச்சே பெரிய பத்தாக் கலைஞர். அவருடைய மகன் பாப்லோ ரோச்சே அவரைவிடப் பெரிய பெயர் எடுத்தார். ‘ஒகிலாக்பா’ என்று அவரை அழைப்பார்கள், வலிய கைக்காரர் என்று பொருள். 1936இல் அறிஞர் ஃபெர்னாந்தோ ஓர்தீஸ் முதன்முறையாகப் பத்தாவை வழிபாட்டுக்கு வெளியே பொதுமக்கள் முன் வாசிக்க வைத்தபோது வாசித்தவர் இவர்தான். அன்று உடன் வாசித்த இளைஞர் ஹெசூஸ் பெரேஸ், பாப்லோவிடம் பயின்றவர், மகன் அல்ல. அந்த ஹெசூஸ் பெரேஸ்தான் பின்னாளில் தேசிய நாட்டார் கலைக்குழுவின் தூணாக நின்று அடுத்த தலைமுறையை உருவாக்கினார்.

பெண்களுக்கு இடம் உண்டா?

அன்யா குடியிருக்கும் பத்தாவைப் பெண்கள் தொடக்கூடாது என்ற விதி இன்றும் இருக்கிறது. ரும்பாவில் மதத் தடை கிடையாது. ஆனால் வழக்கம் என்ற தடை இருந்தது. பெண்கள் பாடலாம், ஆடலாம், கொட்டின்முன் உட்கார விட மாட்டார்கள்.

இதில் எனக்கு வருத்தமான விஷயம் ஒன்று. இந்த வீடுகளில் தாளத்தைக் குழந்தையின் காதில் முதலில் போட்டவர்களில் பாதிப்பேர் பெண்கள். சமைத்துக்கொண்டே பாடிய பாட்டி, மேசையில் விரலால் க்ளாவே தட்டிக் குழந்தைக்குச் சோறு ஊட்டிய அம்மா. ஆல்பத்தின் பின்னட்டையில் இவர்கள் பெயர் வராது.

1993இல் ஹவானாவில் ஒபினி பத்தா என்ற பெண்கள் குழு உருவானது. தேசிய நாட்டார் கலைக்குழுவிலிருந்து வந்த ஏவா தெஸ்பாய்க்னே அதன் தலைவர். சடங்கு செய்யப்படாத பத்தாவைக் கொண்டு மேடையில் வாசித்தார்கள். கடும் எதிர்ப்பு வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. இன்று அந்த வீடுகளின் பெண் குழந்தைகள் கொங்காவின்முன் உட்காருவதைச் சகஜமாகப் பார்க்கலாம்.

அப்பா வாசித்ததை மகன் அப்படியே வாசித்தால் புதுமை எங்கிருந்து வரும்?

அதே வீட்டுக்குள்ளிருந்துதான் வரும். ஹவானாவின் புறநகரான சான் மிகேல் தெல் பத்ரோனில் லோபெஸ் சகோதரர்கள் இருந்தார்கள். ஊரில் அவர்களுக்கு ‘லோஸ் சினீதோஸ்’ என்று பெயர். 1970களில் இவர்கள் வீட்டில் வாசித்துப் பழகும்போது ஒரு புது வழியைக் கண்டுபிடித்தார்கள். தும்பாவும் த்ரெஸ் தோஸும் மாறாமல் பிடிக்க வேண்டிய நடையைத் தளர்த்தி, அங்கே இடைவெளி விட்டு, அடித்தொனிக் கொட்டையும் பேச வைத்தார்கள். பெட்டியையும் கொங்காவையும் ஒருவரே சேர்த்து வாசித்தார்கள். இந்த நடைக்குக் குவாராபசாங்கேயோ என்று பெயர் வந்தது. தொடக்கத்தில் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை, “நடையைக் கெடுக்கிறார்கள்” என்றார்கள். பிறகு பான்சோ கின்தோ போன்ற மூத்த கலைஞர்களே அதை எடுத்து, பத்தாவையும் சேர்த்து, இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். இன்று ஹவானாவில் இளைஞர்கள் ரும்பா வாசித்தால் பெரும்பாலும் இந்த நடைதான்.

கவனித்துப் பாருங்கள், இதை அண்ணன் தம்பிகளால்தான் செய்ய முடியும். அடுத்தவன் எங்கே தட்டுவான் என்று தெரிந்தால்தான் நான் என் தட்டைத் தைரியமாக விட்டுவிட முடியும். ஒரே கட்டிலில் தூங்கி வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். ஹவானாவின் லோஸ் பாபீனெஸ் குழுவின் நான்கு அப்ரேயு சகோதரர்களிடமும் இந்த ஒத்திசைவைக் கேட்கலாம், ஆனால் அவர்கள் பாணி மேடைக்கென்றே மெருகேற்றியது.

தந்தை சீக்கிரமே போய்விட்டால் சங்கிலி அறுந்துவிடுமா?

அறுந்த இடங்கள் நிறைய உண்டு. அறாத ஒன்றைச் சொல்கிறேன்.

மிகேல் ‘அங்கா’ தியாஸ் பினார் தெல் ரியோ மாகாணத்தில் 1961இல் பிறந்தவர். ஹவானாவின் தேசியக் கலைப்பள்ளியில் படித்தவர். கியூபாவின் புகழ்பெற்ற ஜாஸ் குழுவான இராகெரேயில் வாசித்தார், பிறகு பழைய கியூப இசையை உலகுக்குக் கொண்டுபோன புவேனா விஸ்தா சோசியல் கிளப் கலைஞர்களோடும் வாசித்தார். ஐந்து கொங்காக்களைச் சுருதி சேர்த்து வரிசையாக வைத்து, மெட்டே வாசித்துவிடுவார். 2006இல், 45 வயதில், பார்சிலோனா பக்கத்தில் மாரடைப்பால் இறந்துபோனார்.

அவருக்குப் பாரிஸில் இரட்டைப் பெண்கள், லிசா கைந்தே, நவோமி. அப்போது அவர்களுக்குப் பதினோரு வயது. அதுவரை நவோமி அப்பாவின் வாத்தியத்தில் நாட்டம் காட்டியதில்லை. அப்பா இறந்த பிறகுதான் கஹோனை எடுத்தார், அப்புறம் பத்தாவும். அக்கா தங்கை இருவரும் சேர்ந்து, யொரூபாவில் இரட்டையர் என்று பொருள்படும் ‘இபெயி’ என்ற பெயரில், 2015இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். யொரூபாப் பாடல்களையும் எலெக்ட்ரானிக் இசையையும் சேர்த்துத் தங்களுக்கென்று ஒன்றை உருவாக்கினார்கள். கஹோனில் தட்டிக்கொண்டே, அவ்வப்போது தன் மார்பிலும் தொடையிலும் தட்டி வாசிப்பார் நவோமி.

இங்கே அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. ஆனால் வீட்டில் ஒலித்த இசை பதினோரு வருடம் காதில் இருந்தது, அவர் வாசித்த பதிவுகள் இருந்தன, இசை தெரிந்த அம்மா இருந்தார். தேவைப்பட்டபோது அதெல்லாம் வேலை செய்தது.

இதை வைத்துப் பிழைக்க முடிகிறதா?

கஷ்டம்தான். முன்யெகிதோஸை நிறுவியவர்களே பகலில் உடலுழைப்பு வேலைக்குப் போனவர்கள்தான். புரட்சிக்குப் பின் தொழில்முறைக் கலைஞர்களுக்கு அரசுச் சம்பளம் வந்தது. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தபின் அந்தச் சம்பளத்துக்கு மதிப்பில்லாமல் போனது. அப்போது கைகொடுத்தவை வெளிநாட்டுப் பயணங்களும், கொட்டுக் கற்க வந்த வெளிநாட்டு மாணவர்களும். முன்யெகிதோஸ் 1992இல் முதன்முறையாக அமெரிக்கா போனார்கள். பிறகு விசா கிடைக்காத வருடங்கள் வந்தன, 2011இல்தான் மறுபடி போக முடிந்தது. 2016இல் யுனெஸ்கோ கியூபாவின் ரும்பாவை மனிதகுலத்தின் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மரியாதைதான், சந்தோஷம்தான். ஆனால் கொட்டுக்குத் தோல் வாங்க அது பணம் தராது. இளையவர்கள் பலர் நாட்டைவிட்டுப் போகிறார்கள், ஒரு முற்றத்தில் இருக்க வேண்டிய மூன்று கொட்டுகள் மூன்று நாடுகளில் இருக்கின்றன.

எதைக் கேட்கத் தொடங்குவது, எப்படிக் கேட்பது?

முன்யெகிதோஸின் 1950களின் பதிவுகளில் ஒன்றை எடுங்கள். அதே குழு 1990களுக்குப் பின் செய்ததில் ஒன்றையும் எடுங்கள். நல்ல ஹெட்ஃபோன் போடுங்கள், ஏனென்றால் அடித்தொனிக் கொட்டு ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது.

முதல் தடவை க்ளாவேயை மட்டும் பின்தொடருங்கள். அது கட்டையில் கேட்காவிட்டால் கத்தாவில் தேடுங்கள். இரண்டாம் தடவை தும்பாவையும் த்ரெஸ் தோஸையும் ஒரே வாத்தியம்போலக் கேளுங்கள், இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன மெட்டைச் சொல்வது பிடிபடும். மூன்றாம் தடவைதான் கின்தோ. பாடகர் நிறுத்தி, கோரஸ் ஆரம்பிக்கும் இடத்துக்குக் காத்திருங்கள். ஆட்டக்காரர் வளையத்துக்குள் இறங்குவது அந்த இடத்தில்தான், கின்தோ வாயைத் திறப்பதும் அங்கேதான். வீடியோ கிடைத்தால் இன்னும் நல்லது. கொட்டு வாசிப்பவரின் கையைப் பார்க்காதீர்கள், அவர் யாருடைய காலைப் பார்க்கிறார் என்று பாருங்கள்.